பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிளின் காபரேற்றர்: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பழைய பி.எஸ்.ஏ., ட்றையம்ப், நோர்ட்டன் அல்லது மச்லெஸ் வண்டி வன்னியில் உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? அதன் காபரேற்றரில் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பகுதி) உங்களுக்கு முன்பே யாரோ கைவைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது இங்கே வண்டிகள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்படி ஓடிய வண்டியின் ஜெற் (பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு) துளைக்கப்பட்டிருக்கலாம், புளோட் மட்டம் (மிதவை ஒன்று காக்கும், கிண்ணத்தில் பெற்றோல் நிற்கும் உயரம்) மாற்றப்பட்டிருக்கலாம், வேறு வண்டியின் ஊசி உள்ளே கிடக்கலாம். அந்த நாளில் அது கெட்டித்தனம். இன்றைக்குப் பெற்றோல் ஊற்றி ஓடும்போது அதே வேலை தலையிடி.

ஆகவே வண்டியை மொடிஃபை பண்ண ஆசைப்படும் தம்பிமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஏற்கெனவே மாற்றி வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, கம்பனி வைத்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை மிச்சம் இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் வண்டி நன்றாக ஓடத் தொடங்கியிருக்கும்.

காபரேற்றரைத் தொடுவதற்கு முன்

கராஜ்களில் நாளும் கேட்கிற பேச்சு இது.

"அண்ணை, காபரேற்றர் பிழைச்சுப் போச்சு."

"பிளக்கைக் கழட்டிப் பாத்தனியோ?"

"இல்லை."

"அப்ப காபரேற்றர் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

அண்ணை கேட்பது சரி. காபரேற்றர் பிழை என்று வருகிற வண்டிகளில் நிறைய, கரன்ட் பிழையான வண்டிகள். முதலில் புதுப் பிளக் ஒன்று போடுங்கள். மக்னீற்றோ (பற்றறி இல்லாமல் பிளக்குக்குக் கரன்ட் தரும் கருவி) உள்ள வண்டியானால், அதில் திறந்து மூடும் பொயின்ற்றின் இடைவெளியைப் பாருங்கள். லூக்காஸ் மக்னீற்றோவுக்கு அது 0.012 அங்குலம், அதாவது 0.3 மி.மீ. வால்வ் இடைவெளி, ரைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) இரண்டையும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். கிக் பண்ணும்போது கொம்பிறெஷன் காலை எதிர்த்து நிற்க வேண்டும். ரைமிங் பிந்தியிருக்கிற எஞ்சினுக்கு எந்த ஜெற்றும் பொருந்தாது. நாள் முழுக்க ஜெற் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்த நாளும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

அடுத்தது பெற்றோல் வரத்து. காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் போத்தல் ஒன்றுக்குள் விட்டு, ராங்கின் கட்டையை (பெற்றோலைத் திறந்து மூடும் குழாய்ப் பூட்டு) திறவுங்கள். தடையில்லாமல் ஒரே சீராக ஓட வேண்டும். கொஞ்ச நேரம் ஓடி மெலிந்தால் ராங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. மழைக்கென்று மூடியைப் பொலித்தீனால் கட்டி வைத்த வண்டிகளில் இது சாதாரணம். பழைய கட்டைகளுக்குள் இருப்பது கோர்க். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தால் சுருங்கி ஒழுகும்.

இந்த வேலை முழுவதையும் வெளியிலே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அடுப்படிக்குப் பக்கத்திலோ, சாமி விளக்கு எரிகிற விறாந்தையிலோ வேண்டாம். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

கையில் இருப்பது எது?

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அமல் காபரேற்றர். அமாக், பிரவுன் அன்ட் பார்லோ, பின்க்ஸ் என்ற மூன்று கம்பனிகள் 1927 இல் சேர்ந்து உருவானது அமல். புதியவர் மூன்று வகையை அடையாளம் கண்டால் போதும். புளோட் கிண்ணம் தனியாகப் பக்கத்தில் தொங்கினால் அது போர்க்காலத்துக்கும் அதற்குச் சற்றுப் பிந்திய காலத்துக்கும் உரிய பழைய வகை. பட்டாளம் ஓடிய பி.எஸ்.ஏ. எம்20 போன்றவற்றில் இருப்பது இதுதான். கிண்ணம் உடலோடு ஒரே வார்ப்பாகப் பக்கவாட்டில் இருந்தால் மொனோபுளொக், 1950களின் நடுப்பகுதியில் வந்தது. கிண்ணம் நேர் கீழே இருந்தால் கொன்சென்ற்றிக், 1967 இல் வந்தது.

உடலில் ஓர் எண் குத்தியிருக்கும். மொனோபுளொக்கில் 375, 376, 389 என்று தொடங்கும். கொன்சென்ற்றிக்கில் 626 என்றால் துவாரம் 26 மி.மீ., 930 என்றால் 30 மி.மீ. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். எந்த வண்டிக்கு, எந்த ஜெற்றுகளோடு அது கம்பனியை விட்டு வெளியே வந்தது என்பதை அதை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கலாம். அந்த விவரத்தைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். பிறகு காபரேற்றரைத் திறந்து, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள்: மெயின் ஜெற் எண், ஊசி ஏறி இறங்கும் நீடில் ஜெற்றின் எண், ஸ்லைட்டின் (அக்சிலேற்றரோடு ஏறி இறங்கிக் காற்றைத் திறந்து மூடும் உருளை) வெட்டு எண், ஊசியின் கிளிப் எத்தனையாவது பள்ளத்தில். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

கழற்றுதலும் கழுவுதலும்

இங்கே கடைகளில் வாங்கும் மி.மீ. ஸ்பானர்கள் இந்த வண்டிகளுக்குப் பொருந்துவது போல இருக்கும், பொருந்தாது. விற்வேர்த், பி.எஸ்.எஃப்., சின்னத் திருகாணிகளுக்கு பி.ஏ. என்று அந்தக் காலத்து அளவுகள் வேறு. ஒரு நட்டின் மூலையை மழுக்கிவிட்டு நிற்பதைவிட, சரியான ஸ்பானர் இரண்டு மூன்றை லண்டனில் இருக்கிற சித்தப்பாவிடமோ மச்சானிடமோ சொல்லி எடுப்பிப்பது நல்லது. பித்தளை ஜெற்றுகளின் வாயில் அகலம் பொருந்தாத ஸ்குறூ டிறைவரைப் போட்டு முறுக்கவே வேண்டாம்.

கழுவும்போது ஒரு கவனம். அமலின் உடல் நாகக் கலவை உலோகம். நம் வீடுகளில் பித்தளை, செம்பு மினுக்கும் பழக்கத்தில் தேசிக்காய்ப் புளியோ பழப்புளியோ போட்டுத் தேய்க்கக் கைபோகும். வினாகிரியில் ஊறப்போடும் ஆட்களும் உண்டு. புளிப்பு நாகத்தைத் தின்னும். பெற்றோலில் கழுவி, காபரேற்றர் கிளீனர் ஸ்பிறே அடித்து, ரயர்க் கடையில் காற்று அடித்து எடுத்தால் போதும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். முல்லைத்தீவுக் கரையோரம் கிடந்த வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம்.

எல்லாத் துளைகளிலும் மோசமானது பைலட் துளை, அதாவது ஐட்லிங்குக்குப் பெற்றோல் விடும் சின்னத் துளை. ஐட்லிங் நிற்காத, குளிரில் ஸ்ராட் எடுக்காத, சின்ன அக்சிலேற்றரில் இருமுகிற அமல் வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். மொனோபுளொக்கில் பைலட் ஜெற் தனியே கழன்று வரும். ஒரு மூடி நட்டுக்குள் இருக்கும், கழற்றி ஊதிப் போடலாம். பிந்திய கொன்சென்ற்றிக்கில் அது உடலுக்குள்ளேயே அழுத்தி இறுக்கப்பட்டிருக்கிறது, கழலாது. அதன் துளை 0.016 அங்குலம், மி.மீ. கணக்கில் 0.4. ஐட்லிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் எயார் ஸ்குறூவைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியே நேரே உள்ளே போனால் பைலட் இருக்கும். 0.016 அங்குலக் கித்தார்க் கம்பி அதற்கென்றே செய்தது போல அமையும். முறுக்காமல் மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். பிறகு அதே துளையில் ஸ்பிறே அடித்து, காபரேற்றரின் வாய்க்குள் பாருங்கள். ஸ்லைட் இறங்கி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு நுண்துளைகள் உண்டு. இரண்டிலும் கிளீனர் பீறிட வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் வேலை முடியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், அது நேரே கண்ணுக்குத்தான் வரும்.

தேய்மானம்

ஜெற் மாற்றுவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது நீடில் ஜெற். ஊசி இதற்குள் ஏறி இறங்கி உரசுவதால் துளை முட்டையாகத் தேயும். 105, 106, 107 என்ற எண்கள் துளையின் அளவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கின்றன. 106 என்பது 0.106 அங்குலம், 2.69 மி.மீ. அதனால் 2.7 மி.மீ. துளையலகின் வழுவழுப்பான பின்தண்டு 106 ஜெற்றுக்குள் மட்டுமட்டாக நிற்க வேண்டும். லொடலொட என்று போய் வந்தால் ஜெற் முடிந்துவிட்டது. பாதி அக்சிலேற்றரில் கறுப்புப் புகை, பெற்றோல் மணம், பிளக் கறுத்தல் எல்லாம் இந்தத் தேய்மானத்தில் வருபவை. விலை குறைந்த சாமான், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது ஸ்லைட். மேலே இழுத்து, விரலால் முன்பின் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகம் இருந்தால் பக்கத்தால் காற்றுப் புகுந்து ஐட்லிங் ஒரு நாளும் நிலைக்காது. புது ஸ்லைட் போடலாம், ஆனால் உடலும் தேய்ந்திருக்கும். கடினப் பூச்சுப் போட்ட அலுமினிய ஸ்லைட் இப்போது கிடைக்கிறது. பழைய நாக ஸ்லைட்டைவிட நெடுநாள் உழைக்கும். அமல் காபரேற்றர்களும் அவற்றின் சாமான்களும் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்யப்படுகின்றன. உடல் மிகவும் போயிருந்தால் முழுதாகப் புதியது வாங்குவதுதான் மலிவு.

மூன்றாவது, எஞ்சினோடு பொருந்தும் முகம். ஒழுகுகிறதே என்று இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கி முறுக்கி, இந்த முகம் வளைந்துபோயிருக்கும். இரும்பு அடிமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால், தடித்த கண்ணாடியின் மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, 8 போடுகிற மாதிரி தேய்த்துச் சமப்படுத்துங்கள். பூட்டும்போது நட்டுகளை மாறி மாறி, பிடித்தவுடன் நிறுத்துங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அந்தப் பொருத்தைச் சுற்றி ஒரு துளி எஞ்சின் ஒயில் விட்டுப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் காற்று உறிஞ்சுகிறது. இதற்குப் பெற்றோலைத் தெளிக்கும் ஆட்களையும் கண்டிருக்கிறேன். சூடான எஞ்சினின் மேல் அது வேண்டாத வேலை.

புளோட் மட்டத்தை மறக்க வேண்டாம். கொன்சென்ற்றிக்கில் பெற்றோல் கிண்ணத்தின் மேல்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 5 மி.மீ. கீழே நிற்க வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தைக் கடந்து வந்த வண்டியானால் இதைக் கட்டாயம் அளந்து பாருங்கள். மட்டம் உயர்ந்திருந்தால் கீழே வரப்போகிற எந்தச் செற்றிங்கும் சரிவராது.

பூட்டி முடிந்ததும் அக்சிலேற்றரை முழுக்கத் திறந்து கைவிடுங்கள். ஸ்லைட் "டக்" என்று அடியில் விழ வேண்டும். ஹாண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி மறுபடி பாருங்கள். திறந்த நிலையில் சிக்குகிற ஸ்லைட் ஆளைக் கொல்லும், மற்றப் பிழைகள் எரிச்சல் மட்டுமே.

செற்றிங்: எது எங்கே வேலை செய்கிறது

அக்சிலேற்றர் பிடியில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று கோடு போடுங்கள். பக்கத்தில் அசையாத பகுதியில் ஒரு குறி. இதைச் செய்யாமல் "நடுவில இழுக்குதில்லை அண்ணை" என்று சொல்வதில் பயன் இல்லை. எந்த நடு?

மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒன்று வரை பைலட். எட்டில் ஒன்றிலிருந்து கால் வரை ஸ்லைட்டின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெற். எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் ஓடும், ஆனாலும் கணக்கு இதுதான்.

எயார் லீவர் உள்ள வண்டி வைத்திருப்பவருக்கு நோயறியும் கருவி கையிலேயே இருக்கிறது. சிக்கல் தெரியும் இடத்தில் அக்சிலேற்றரை அசையாமல் பிடித்துக்கொண்டு, லீவரால் காற்றைக் கொஞ்சம் மூடுங்கள். வண்டி தேறினால் அந்த இடத்தில் காற்றுக் கூடியிருக்கிறது. மோசமானால் பெற்றோல் கூடியிருக்கிறது. இதைக் கற்றுக்கொண்டவருக்கு ஊகம் தேவையில்லை.

வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோகும் அளவுக்கு முதலில் ஐட்லிங்கை ஒப்பேற்றிக்கொள்ளுங்கள். எயார் ஸ்குறூவை மெதுவாக முழுக்க உள்ளே முறுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் தொடங்கப் போதும். அமலில் இந்த ஸ்குறூ காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே முறுக்கினால் பெற்றோல் கூடும், வெளியே எடுத்தால் காற்றுக் கூடும். இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு திருகுபவர்கள் பலர்.

மெயின் ஜெற்

அமல் சொல்லித் தரும் ஒழுங்கு மெயின் ஜெற்றில் தொடங்குகிறது. பைலட்டைத் தவிர மற்றப் பெற்றோல் எல்லாம் மெயின் ஜெற் வழியாகத்தான் நீடில் ஜெற்றுக்குப் போகிறது. ஆகவே இது சரியில்லாமல் ஊசியைச் சரிப்படுத்துவது வீண்.

ஜெற்றில் உள்ள எண், ஒரு நிமிடத்தில் அது விடும் பெற்றோலின் அளவை கன செ.மீ. இல் குறிக்கிறது. மிக்குனி, கெயிஹின் என்ற ஜப்பான் காபரேற்றர்களின் எண்கள் வேறு கணக்கு, ஒப்பிடக் கூடாது. கையேட்டில் சொன்னதைவிட ஒரு படி பெரிய ஜெற்றில் தொடங்கிக் கீழே வாருங்கள். பெற்றோல் கூடினால் புகையும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். காற்றுக் கூடினால் பிஸ்ரன் உருகும்.

சோதிக்க நேரான, ஆளில்லாத ரோட்டு வேண்டும். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 இல் விடியப்புறம் அப்படித் துண்டுகள் கிடைக்கும். மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34 உம் நல்லது. மாடுகள் ரோட்டில் படுத்திருக்கும் நேரத்தையும், அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல் பரவியிருக்கும் நாட்களையும் தவிருங்கள். உச்ச வேகம் தேவையில்லை. மூன்றாம் கியரில், சட்டம் விடும் வேகத்துக்குள், சிறு ஏற்றத்தில் முழு அக்சிலேற்றர் கொடுத்தால் போதும். முழுதாகத் திறந்து, பிறகு சற்றே மூடும்போது வண்டி இன்னும் இழுத்தால் ஜெற் சின்னது. முழுதில் தடித்து, கனத்து ஓடினால் பெரியது.

பிளக் பார்க்கிற முறையும் உண்டு. புதுப் பிளக்கோடு முழு அக்சிலேற்றரில் சில விநாடி ஓடி, ஒரே நேரத்தில் கிளச்சைப் பிடித்து எஞ்சினைக் கட் பண்ணி உருட்டி நிறுத்த வேண்டும். ஐட்லிங்கில் வீடு வரை ஓட்டிவந்து பார்க்கும் பிளக் எதையும் சொல்லாது. பழைய புத்தகங்கள் சொல்லும் அழகான பழுப்பு நிறமும் ஈயம் கலந்த பெற்றோலின் காலத்தது. இன்றைய பெற்றோலில் நிறம் வெளிறித்தான் இருக்கும். பீங்கானின் அடியில், உட்புறத்தில் தெரியும் வளையத்தைப் பாருங்கள்.

வெயிலுக்கு ஜெற் குறைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் 15 பாகை எங்கே, நம் 35 பாகை எங்கே! கணக்குப் பார்த்தால் காற்றின் அடர்த்தி ஆறேழு வீதம் குறைகிறது, கலவையில் அது ஏறக்குறைய மூன்று வீத மாற்றத்தைத் தரும். 180 ஜெற்றில் அது ஆறு புள்ளி. ஜெற்றுகள் பத்துப் பத்தாக ஏறுவதால் ஒரு படிகூட வராது. வன்னி தாழ்நிலம், உயரத்தாலும் தொந்தரவு இல்லை. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவுக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர் மட்டும் சின்ன ஜெற் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

பைலட், வெட்டு, ஊசி

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஸ்லைட் ஸ்குறூவை முறுக்கி ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். எயார் ஸ்குறூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே விடுங்கள். வேகம் கூடியிருக்கும், ஸ்லைட்டை இறக்குங்கள். மறுபடி எயார் ஸ்குறூ. இரண்டும் மாறி மாறி ஒரு நிதானத்துக்கு வரும். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு எஞ்சினுக்கு அவகாசம் கொடுங்கள், உடனே பதில் சொல்லாது. ஸ்குறூவை ஏறக்குறைய முழுதும் உள்ளே முறுக்கினால்தான் ஓடுகிறது என்றால் பைலட் இன்னும் அடைபட்டிருக்கிறது, அல்லது காற்று எங்கோ உறிஞ்சுகிறது. மூன்று சுற்றுக்கு மேலே எடுக்க வேண்டியிருந்தால் பைலட்டில் பெற்றோல் கூட வருகிறது, புளோட் மட்டத்தைப் பாருங்கள்.

ஸ்லைட்டின் வெட்டு, அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 3 என்றால் பதினாறில் மூன்று. எண் கூடினால் காற்றுக் கூடும். எடுப்பில் காபரேற்றர் திருப்பித் தும்மினால் காற்றுக் கூடியது, ஒரு படி சின்ன எண் வேண்டும். ஆனால் கம்பனி சொன்ன எண் உள்ளே இருந்தால் இதை மாற்றத் தேவை வருவது அபூர்வம். தும்மலுக்குக் காரணம் பெரும்பாலும் பைலட்தான், அங்கே திரும்பிப் போங்கள்.

ஊசிக்கு அரை அக்சிலேற்றரில் ஓடிப் பாருங்கள். கொன்சென்ற்றிக் ஊசியில் மூன்று பள்ளம், மொனோபுளொக்கில் ஐந்து. கிளிப் மேற்பள்ளத்தில் இருந்தால் ஊசி தாழும், பெற்றோல் குறையும். கீழே போகப் போகக் கூடும். நடுவில் தொடங்குங்கள். முடிந்ததும் பைலட்டை இன்னொரு தடவை பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள். ஜெற்றையும் ஊசியையும் ஒன்றாக மாற்றி வண்டி நன்றாக ஓடினால், எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு காபரேற்றர் வண்டிக்கு ஒரு சொல்: கேபிள்களைச் சரிப்படுத்தி இரண்டு ஸ்லைட்டும் ஒரே கணத்தில் எழும்பச் செய்யுங்கள். பிறகு ஒரு சிலிண்டரில் மட்டும் ஓடவிட்டு ஒவ்வொன்றாக ஐட்லிங் வையுங்கள். மக்னீற்றோ வண்டியில் கழற்றிய பிளக் வயரை வெறுமனே தொங்கவிட வேண்டாம், எஞ்சினில் தொடவையுங்கள். போக இடமில்லாத கரன்ட் மக்னீற்றோவின் உட்சுற்றை எரிக்கும்.

இனி, மொடிஃபிகேஷன்

வன்னிக்கு நான் சிபாரிசு செய்வது எயார் ஃபில்ரர். இந்த வண்டிகளில் பல, திறந்த வாயோடு ஓடியவை. இங்கிலாந்தின் ஈர ரோட்டில் அது பிழையில்லை. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் ரோட்டில், சோளகக் காற்றடிக்கும் மாதங்களில், திறந்த வாய் செம்மண்ணை நேரே சிலிண்டருக்குள் அனுப்பும். ஃபில்ரர் காற்றைக் கொஞ்சம் தடுப்பதால் மெயின் ஜெற்றை ஒரு படி குறைக்க வேண்டி வரலாம். மேலே சொன்ன சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவே வெப்பம் கடத்தாத தடித்த பக்கிங். டஃப்நோல் (துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய கெட்டித் தகடு) தகட்டில் வெட்டியது நல்லது. உச்சி வெயிலில் முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கித் திரும்பி வந்தால் வண்டி எடுக்காது. எஞ்சினின் சூடு ஏறிக் கிண்ணத்துப் பெற்றோல் பொங்கி உள்ளே வழிந்திருக்கும். பக்கிங் அதைக் குறைக்கும். அது இல்லாதவர் நிறுத்துவதற்குச் சற்று முன்பே கட்டையைப் பூட்டலாம். எடுக்கும்போது ரிக்ளரை (புளோட்டை அமத்திக் கிண்ணத்தில் பெற்றோலைக் கூட்டும் பொத்தான்) தொடாமல், அக்சிலேற்றரை முழுதும் திறந்து கிக் பண்ணுங்கள்.

பெரிய காபரேற்றர் போட்டால் வேகம் கூடுமா? சாதாரண ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்குக் கூடாது. துவாரம் பெருத்தால் காற்றின் ஓட்டம் மந்தமாகி, குறைந்த வேகத்தில் இழுவை போகும். ஜெற்றை ஊசியால் குடைவதும் அப்படித்தான். அடைத்து மறுபடி துளைத்த ஜெற்றில் எண் ஒன்று இருக்கும், அளவு வேறாக இருக்கும். அதைக் கண்டால் குப்பையில் போடுங்கள், பெட்டியில் வைத்தால் யாராவது மறுபடி பூட்டிவிடுவார்கள்.

அமல் தேடி அலைய முடியாதவருக்கு இந்தியச் சாமான் இருக்கிறது. என்ஃபீல்ட் புல்லட் 350 க்கு வந்த மிக்கார்ப் விஎம் 24, 500 க்கு வந்த விஎம் 28 இரண்டும் அதே கொள்ளளவுள்ள பழைய பிரித்தானிய வண்டிகளில் நன்றாக ஓடும், ஐட்லிங்கும் அசையாது. சுத்தமான பழசுப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். தினமும் வேலைக்கு ஓடுகிற வண்டிக்கு நான் அதில் பிழை காணவில்லை. ஸ்டட் இடைவெளி பொருந்தாவிட்டால் லேத்தில் ஒரு அடாப்டர் கடைந்து போடுங்கள், வண்டியின் பக்கத்தில் புதுத் துளை போட வேண்டாம். அக்சிலேற்றர் கேபிளின் நீளமும் மாறும், அதையும் சேர்த்தே செய்விப்பது நல்லது. கழற்றிய அமலைப் பெற்றோல் வடித்துக் காயவிட்டு, ஒயில் சீலையில் சுற்றி, கொப்பியோடு சேர்த்து வையுங்கள். பின்னொரு நாள் வண்டியை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.